யூரோவிஷன்: பாட்டுப் போட்டியின் விதிகள் பிறந்த கதை

ஒவ்வொரு மே மாதமும் ஒரு சனிக்கிழமை இரவு, சுமார் 16 கோடிப் பேர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, பாதிக்குப் பாதி தங்களுக்குப் புரியாத மொழிகளில் இருபத்தைந்து புதுப் பாட்டுகளைக் கேட்கிறார்கள். பாட்டெல்லாம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. அடுத்த ஒரு மணி நேரம் நாடு நாடாகப் புள்ளிகள் வாசிக்கப்படுவதைக் கேட்கிறார்கள். யூரோவிஷன் பாட்டுப் போட்டி என்பது சுருக்கமாக இதுதான். 1956இல் தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்றுபோன ஒரே ஓர் ஆண்டைத் தவிர, இடைவெளியில்லாமல் நடந்து வருகிறது.

நம்மூர் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம்மூரில் போட்டியிடுபவர் பாடகர். ஊருக்கே தெரிந்த பாட்டை அவர் எப்படிப் பாடுகிறார் என்பதுதான் கேள்வி. யூரோவிஷனில் போட்டியிடுவது பாட்டு. அது புதுப் பாட்டாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், மேடையில் ஆறு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, முதன்மைப் பாடகர் நேரலையில் பாட வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. அதை அனுப்புவதும் அரசாங்கம் அல்ல, அந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம். பிரிட்டனுக்கு பிபிசி, ஸ்வீடனுக்கு எஸ்விடி என்பதுபோல. பாடுகிறவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1988இல் சுவிட்சர்லாந்துக்கு வெற்றி வாங்கித் தந்தவர் கனடாவின் செலின் டியோன். இரண்டாம் இடத்துக்கு வந்த பிரிட்டனைவிட அவருக்கு ஒரே ஒரு புள்ளி அதிகம்.

இந்தப் போட்டியின் வரலாற்றை வெற்றியாளர் பட்டியலாகப் படித்தால் எதுவும் பிடிபடாது. விதிகளின் வழியாகப் படித்தால் பிடிபடும். இதில் உள்ள அநேக விதிகள் யாரோ அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஏதோ ஓர் ஆண்டு, நேரலையில், கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிக்கல் வந்திருக்கும். அடுத்த ஆண்டோ சில ஆண்டுகள் கழித்தோ அதற்கு ஒரு விதி வந்திருக்கும்.

முதலில் வந்தது வலைப்பின்னல், பிறகுதான் பாட்டு

யூரோவிஷன் என்பது முதலில் பாட்டுப் போட்டியின் பெயரே அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1950இல், பல நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்த ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் உருவானது. அன்று வானொலி எல்லைகளைச் சுலபமாகத் தாண்டியது. தொலைக்காட்சியால் முடியவில்லை. படத்தைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் நுண்ணலைக் கோபுரங்கள் வரிசையாக வேண்டும், ஆல்ப்ஸ் மலையின் மேலேயும்கூட. போதாக்குறைக்கு நாட்டுக்கு நாடு படத்தின் அமைப்பே வேறு. பிரிட்டனில் திரைக்கு 405 கோடுகள், பிரான்சில் 819, ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் 625. லண்டனில் எடுத்த படம் பாரிஸ் பெட்டியில் அப்படியே தெரியாது. நடுவில் ஒருவர் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இந்தத் தடைகளைத் தாண்டி 1954 ஜூன் 6 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரத்து மலர்த் திருவிழா பல நாடுகளில் ஒரே நேரத்தில் தெரிந்தது. நாடுகளை இணைத்த அந்த வலைப்பின்னலுக்குத்தான் யூரோவிஷன் என்று பெயர். நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் கம்பீரமான எக்காள இசையும் அந்த வலைப்பின்னலின் அடையாள இசையே. பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்பாந்தியே எழுதியது.

வலைப்பின்னல் தயார், அதில் எதைக் காட்டுவது? சுவிஸ் ஒலிபரப்பின் தலைமையில் இருந்த மார்செல் பெஸன்சோன் 1955இல் ஒரு யோசனை சொன்னார். இத்தாலியின் சான்ரெமோ நகரில் 1951 முதல் ஒரு பாட்டுத் திருவிழா நடந்துவந்தது. அதையே நாடுகளுக்கிடையே நடத்தினால் என்ன? மொழி தெரியாதவரையும் உட்கார வைக்க இசையால் முடியும் என்பது ஒரு காரணம். பல நாடுகளை ஒரே நேரலையில் கோக்க முடிகிறதா என்று பொறியாளர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பது இன்னொரு காரணம். என் பார்வையில் இரண்டாவது காரணம்தான் இந்தப் போட்டியின் குணத்தை இன்றுவரை தீர்மானிக்கிறது. ஊர் ஊராக அழைத்துப் புள்ளி கேட்கும் சடங்கு இல்லாத யூரோவிஷனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதல் போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டுகள். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால், அது பெரும்பாலானவர்களுக்கு வானொலி நிகழ்ச்சிதான். வென்றது சுவிட்சர்லாந்தின் லிஸ் ஆஸியா. அவர் எத்தனை புள்ளிகள் பெற்றார், இரண்டாவது யார், கடைசி யார் எதுவும் வெளியிடப்படவில்லை. நடுவர்கள் மூடிய அறையில் வாக்களித்தார்கள். தங்கள் நாட்டுக்கே வாக்களிக்கவும் தடையில்லை. லக்ஸம்பர்க் நடுவர்களால் வர முடியாததால், அவர்கள் வாக்கையும் சுவிஸ் நடுவர்களே போட்டார்கள்! முழு நிகழ்ச்சியின் படப்பதிவும் இன்று இல்லை. ஆஸியா வென்ற பாட்டை மறுபடி பாடிய காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மறு ஆண்டு ஃப்ராங்ஃபர்ட்டில் எல்லாம் மாறிவிட்டது. நடுவர்கள் அவரவர் நாட்டிலேயே இருந்தார்கள், தொலைபேசியில் புள்ளி சொன்னார்கள், அரங்கில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பலகையில் அது ஏறியது. சொந்த நாட்டுக்கு வாக்களிக்கக்கூடாது என்ற தடையும் வந்தது. அதே ஆண்டு இத்தாலிப் பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடியது. மூன்று நிமிட எல்லை கறாரானது அதற்குப் பிறகுதான்.

1958இல் இத்தாலியின் தொமேனிகோ மொதுன்யோ பாடிய பாட்டுக்கு மூன்றாம் இடம். உலகம் அதை ‘வொலாரே’ என்று அழைக்கிறது. 1959இல் கிராமி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாட்டு இரண்டும் அதற்கே போயின. அந்த 1958 போட்டியில் வென்ற பாட்டு எது என்று கேட்டால் தீவிர ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

நான்கு பேர் வென்ற இரவு

1969, மாட்ரிட். பதினாறு நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு, பிடித்த பாட்டுக்குப் போடலாம். ஒரு நாட்டின் பத்து வாக்குகளும் எப்படி வேண்டுமானாலும் சிதறலாம். ஒரு பாட்டுக்கு ஆறு, இன்னொன்றுக்கு மூன்று, மற்றொன்றுக்கு ஒன்று என்பதுபோல. எண்ணிக்கை முடிந்தபோது பலகையில் ஸ்பெயினுக்கு 18, பிரிட்டனுக்கு 18, நெதர்லாந்துக்கு 18, பிரான்சுக்கு 18.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. தொகுப்பாளர் லௌரிதா வலென்சுவேலா, நேரலையிலேயே, ஒன்றியத்தின் மேற்பார்வையாளரிடம் கேட்டார், உண்மையிலேயே நான்கு வெற்றியாளர்களா என்று. ஆமாம் என்று பதில் வந்தது. நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வந்து வென்ற பாட்டை மறுபடி பாடினார்கள்.

பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பாதிப்பு பெரிது. வாக்குமுறை சரியில்லை என்ற அதிருப்தியில் 1970 போட்டிக்கு நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, போர்ச்சுகல் முதலிய நாடுகள் வரவில்லை. பன்னிரண்டே நாடுகளோடு போட்டி நடந்தது. அது அப்படியே தேய்ந்து நின்றுபோயிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் வெவ்வேறு முறைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 1975இல் இன்றும் நிலைத்திருக்கும் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 12 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 10, மூன்றாவதுக்கு 8, அதற்கப்புறம் 7, 6, 5 என்று 1 வரை.

இந்த முறையின் சூட்சுமம் அந்த 11உம் 9உம் இல்லாததில் இருக்கிறது. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இரண்டு புள்ளி இடைவெளி விட்டதால், எல்லோருக்கும் ஓரளவு பிடித்த பாட்டைவிட, சிலருக்கு மிகவும் பிடித்த பாட்டுக்கு ஒரு சிறு சாதகம் கிடைக்கிறது. அதே சமயம் பத்து இடங்களுக்குப் புள்ளி உண்டு என்பதால், இரண்டு மூன்று நாடுகளின் அன்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வென்றுவிட முடியாது. சமநிலைக்கும் வழி சொல்லப்பட்டது. அது 1991இல் ரோமில் கைகொடுத்தது. ஸ்வீடனும் பிரான்சும் தலா 146 புள்ளி. யாருக்கு 12 அதிகம் என்று பார்த்தார்கள்; இருவருக்கும் நான்கு. அடுத்து 10 யாருக்கு அதிகம் என்று எண்ணினார்கள். ஸ்வீடனுக்கு ஐந்து, பிரான்சுக்கு இரண்டு. ஸ்வீடனின் கரோலா வென்றார்.

எந்த மொழியில் பாடுவது?

ஆரம்ப ஆண்டுகளில் மொழியைப் பற்றி விதியே இல்லை. அவரவர் மொழியில்தான் பாடுவார்கள் என்று எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். 1965இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியது. 1966இல் விதி வந்தது: நாட்டின் மொழியில் மட்டுமே பாட வேண்டும். 1973இல் அதைத் தளர்த்தினார்கள், 1977இல் மறுபடி பூட்டினார்கள், 1999இல் ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள்.

பூட்டியிருந்த காலத்தில் ஆங்கிலம் பேசும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இருந்த சாதகம் சின்னதல்ல. 1992 முதல் 1996 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அயர்லாந்து நான்கு முறை வென்றது. மொத்தம் ஏழு வெற்றி; ஸ்வீடனும் இப்போது அதே ஏழில் நிற்கிறது. மற்ற நாட்டுப் பாட்டெழுத்தாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். எந்த மொழியிலும் பொருள் இல்லாத, எல்லா மொழிக்காரர்களின் வாயிலும் ஒட்டிக்கொள்கிற ஒலிகளைப் பல்லவியில் போட்டார்கள். 1968இல் வென்ற ஸ்பானியப் பாட்டின் பெயரே ‘லா லா லா’.

விதி திறந்திருந்த அந்த நான்கு ஆண்டு இடைவெளியில்தான் ஸ்வீடனின் நால்வர் குழு ஒன்று ‘வாட்டர்லூ’ என்ற பாட்டை ஆங்கிலத்தில் பாடியது. 1974 ஏப்ரல் 6, பிரைட்டன். இசைக்குழுவை நடத்தியவர் நெப்போலியன் வேடத்தில் மேடையேறினார். அபா வென்றது, அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். அன்று பிரிட்டிஷ் நடுவர்கள் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை.

ஆனால் அந்த இரவின் பெரிய கதை அபா அல்ல என்பது என் துணிபு. அதே மேடையில் போர்ச்சுகலின் பாவ்லோ தெ கர்வால்யோ ஒரு பிரிவுப் பாட்டைப் பாடினார். மூன்றே புள்ளி. கடைசி இடத்தை மற்ற சில நாடுகளோடு பகிர்ந்துகொண்டார். அப்போது போர்ச்சுகலில் அரை நூற்றாண்டை நெருங்கிய சர்வாதிகாரம். அதைக் கவிழ்க்க ராணுவத்தின் இளநிலை அதிகாரிகள் ரகசியமாகத் திட்டமிட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தயாராக ஒரு சைகை வேண்டும். தடை செய்யப்பட்ட பாட்டாக இருந்தால் சந்தேகம் வரும். வானொலியில் எப்போது ஒலித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத பாட்டாக இருக்க வேண்டும். அண்மையில் யூரோவிஷனுக்குப் போய்வந்த காதல் பாட்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலியில் அது ஒலித்தது. படைகள் தயாராயின. நள்ளிரவுக்குப் பிறகு வேறொரு பாட்டு இரண்டாம் சைகையாக வந்தது. மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. துப்பாக்கி முனைகளில் மக்கள் செருகிய பூக்களால் அதற்கு கார்னேஷன் புரட்சி என்று பெயர் வந்தது.

போர்ச்சுகல் போட்டியில் முதன்முறையாக வென்றது 2017இல். சல்வதோர் சொப்ரால், ஆட்டமும் ஒளிவிளக்கு ஜாலமும் இல்லாமல், போர்த்துகீசிய மொழியிலேயே பாடி 758 புள்ளி பெற்றார். மொழி விதி போனபின் எல்லோரும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. 2007இல் செர்பிய மொழியும், 2021இல் இத்தாலியனும், 2022இல் உக்ரேனியனும் வென்றிருக்கின்றன.

கிழக்கு வந்தபோது

பெர்லின் சுவர் விழுந்ததும், யூகோஸ்லாவியாவும் சோவியத் ஒன்றியமும் உடைந்ததும் போட்டியின் உருவத்தையே மாற்றின. 1993இல் அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில், குதிரையேற்ற நிகழ்ச்சிகளுக்கான அரங்கில், போட்டி நடந்தது. குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா மூன்றும் முதல்முறை தனி நாடுகளாக வந்தன. போஸ்னியக் குழு வந்தது போரில் முற்றுகையில் இருந்த தலைநகர் சரயேவோவிலிருந்து, இரவோடு இரவாக, குறிவைத்துச் சுடுபவர்களுக்குத் தப்பி. புள்ளி சொல்லும் நேரத்தில் தொகுப்பாளர் சரயேவோவை அழைத்தார். இரைச்சல் நிறைந்த தொலைபேசி இணைப்பில் அங்கிருந்து ஒரு குரல் கேட்டதும் அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. புள்ளி வாசிப்பு எவ்வளவு பெரிய விஷயமாக ஆக முடியும் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தச் சில நொடிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1994இல் மேலும் ஏழு புது நாடுகள் வந்தன. ஓர் இரவில் அத்தனை பாட்டுகளுக்கும் நேரம் இல்லாததால் 2004இல் அரையிறுதி வந்தது, 2008இல் அது இரண்டாகியது. இதற்கு நடுவே 2000இல் இன்னொரு விதி. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்துக்கு அதிகப் பணம் கட்டும் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் நான்கும் எந்தத் தகுதிச் சுற்றும் இல்லாமல் நேராக இறுதிக்குப் போகலாம். 2011இல் இத்தாலி திரும்பி வந்ததும் அதற்கும் இந்தச் சலுகை. விதிகளிலேயே எனக்குப் பிடிக்காதது இதுதான். சிறிய நாடுகள் அரையிறுதியில் உயிரைக் கொடுத்துப் பாடி வெளியேறும்போது, பணக்கார நாடு சுமாரான பாட்டோடு இறுதியில் நிற்பதை நியாயப்படுத்துவது கடினம்.

மக்களா, நடுவர்களா?

1997இல் ஐந்து நாடுகளில் தொலைபேசி வாக்கைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டே அது பரவலானது. மக்கள் வாக்கு வந்ததும் அக்கம்பக்க நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி தருகின்றன என்ற குமுறலும் பெரிதானது. இதில் சூழ்ச்சி மட்டும் இல்லை. பக்கத்து நாட்டுப் பாடகரை ஏற்கெனவே தெரிந்திருக்கும், மொழி பாதி புரியும், பிழைக்கப் போன சொந்தக்காரர்கள் அங்கிருந்து தாய்நாட்டுக்கு வாக்களிப்பார்கள். நார்வேயில் இருப்பவர் நார்வேக்கு வாக்களிக்க முடியாது, ஆனால் அங்கே வாழும் லிதுவேனியர் லிதுவேனியாவுக்கு வாக்களிக்கலாம் அல்லவா?

குமுறலுக்குப் பதிலாக 2009 இறுதிச் சுற்றில் நடுவர்கள் திரும்பி வந்தார்கள், பாதிக்குப் பாதி. 2016 முதல் இரண்டையும் தனித்தனியே அறிவிக்கிறார்கள். ஒரு நாடு இப்போது இரண்டு தொகுதிப் புள்ளிகள் தருகிறது. நடுவர்களின் 12 முதல் 1 வரை, மக்களின் 12 முதல் 1 வரை. முதல் ஆண்டே இது ஒரு விசித்திரத்தைக் காட்டியது. நடுவர்களிடம் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு, 320. (2015இல் விருந்தாளியாக வந்த நாடு, பிறகு தங்கிவிட்டது.) மக்களிடம் முதலிடம் ரஷ்யாவுக்கு, 361. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491, உக்ரைன் 534. இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக வந்த உக்ரைனின் ஜமாலா வென்றார். 1944இல் கிரிமியாவின் தாத்தார் இன மக்களை ஸ்டாலின் அரசு நாடுகடத்தியதைப் பற்றியது அவர் பாட்டு.

அரசியல் வேண்டாம் என்று விதி சொல்கிறது. அரசியல் வராத காலமே இருந்ததில்லை. 1978இல் இஸ்ரேல் வெல்லப்போகிறது என்று தெரிந்ததும் ஜோர்டான் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் பூக்களின் படத்தைக் காட்டியது. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்பால் ரஷ்யா நீக்கப்பட்டது. அந்த ஆண்டு உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ராவுக்கு மக்கள் வாக்கில் கிடைத்தது 439 புள்ளி. ஒருவர் பெறக்கூடிய உச்சமே 468. காசா போரை முன்னிட்டு இஸ்ரேல் பங்கேற்கலாமா என்ற தகராறில், 2026 வியன்னா போட்டியிலிருந்து விலகுவதாக ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2025 டிசம்பரில் அறிவித்தன. ஸ்பெயின் நேராக இறுதிக்குப் போகும் சலுகை பெற்ற ஐந்து நாடுகளில் ஒன்று என்பதையும், அயர்லாந்து ஏழு முறை வென்ற நாடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விரிசலின் ஆழம் தெரியும். அதற்குச் சற்று முன்புதான், ஒருவர் போடக்கூடிய வாக்குகளை 20இலிருந்து 10ஆகக் குறைத்து இன்னொரு விதியும் வந்திருந்தது.

பார்க்க நினைத்தால்

இறுதிச் சுற்று மத்திய ஐரோப்பியக் கோடைக்கால நேரம் இரவு 9 மணிக்கு. நமக்கு அது ஞாயிறு பிறந்த பிறகு 12.30. 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டவர்களும் இணையத்தில் காசு கட்டி வாக்களிக்கலாம். உலகின் மிச்சம் முழுவதையும் ஒரே நாடாகக் கணக்கிட்டு ஒரு தொகுதிப் புள்ளி தருகிறார்கள். சென்னையிலிருந்து போகும் வாக்கும் அதில் சேரும்.

பாட்டெல்லாம் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள்கூடக் கடைசி முக்கால் மணி நேரத்தைப் பார்க்கலாம். முதலில் நடுவர் புள்ளிகள் நாடு நாடாக வந்து ஒரு வரிசை உருவாகும். பிறகு மக்கள் புள்ளிகள். நடுவர் பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கு முதலில் சொல்வார்கள், மேலே போகப் போக ஒவ்வொருவராக, ஒரே எண்ணாக. நடுவர்களிடம் முதலிடம் பெற்றவர்தான் கடைசிவரை காத்திருக்க வேண்டும். 2023 லிவர்பூலில் அப்படிக் காத்திருந்தவர் ஸ்வீடனின் லோரீன், கையில் நடுவர்களின் 340. அரங்கமோ பின்லாந்தின் கேரியாவின் பாட்டைக் கோஷமாக முழங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நடுவர்கள் தந்தது 150தான், மக்கள் அள்ளித் தந்தது 376, மொத்தம் 526. லோரீன் அதைத் தாண்ட 187 வேண்டும். வந்தது 243.